வஹாக்கா மலையிலிருந்து பசிபிக் கரைக்கு: முதன்முறை முதுகுப்பையுடன் தெற்கு மெக்சிகோ செல்வோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

தெற்கு மெக்சிகோவுக்கு முதன்முறை செல்வோர் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மெக்சிகோ நகரம், வஹாக்கா, பசிபிக் கடற்கரை, சியாப்பாஸ், யுகத்தான் என எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குள் கோத்துவிட முயல்கிறார்கள். அப்படிப் போனால் பாதி நாள் பேருந்திலேயே கழியும். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் வஹாக்கா மாநிலத்தின் தலைநகரும் அதற்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்களும் போதும் என்பது என் கருத்து. இந்த விளக்கம் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது.

முதல் படி: காலத்தையும் கடவுச்சீட்டையும் சரிபார்த்தல்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். புதிதாகச் செல்வோருக்கு அதுவே ஏற்றது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பெய்யும். கிழக்குப் பசிபிக்கின் சூறாவளிக் காலம் மே நடுவில் தொடங்கி நவம்பர் இறுதி வரை நீள்வதால், மே மாதத்தையும் பத்திரமானது என்று எண்ணிவிட முடியாது. 2022 மே 30 அன்று அகாதா சூறாவளி இக்கடற்கரையிலுள்ள புவெர்த்தோ ஏஞ்செல் ஊருக்கு அருகேதான் கரையைக் கடந்தது. நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாளையும் ஜூலையில் நடக்கும் கெலகெட்சா விழாவையும் பார்க்க விரும்புவோர், வஹாக்கா நகரில் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு மெக்சிகோ விசா தேவை. ஆயினும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்கப்படுவதில்லை. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், விமானச்சீட்டு வாங்குவதற்கு முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுற்றுலாப் பயணி மெக்சிகோவில் தங்க 180 நாள் என்பது உச்ச வரம்பு மட்டுமே; விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார் என்பதை அங்கேயே நின்று பாருங்கள்.

இரண்டாம் படி: பையும் பணமும்

நாற்பது லிட்டர் பை தாராளமாகப் போதும். கடற்கரையில் வெயில் கொளுத்தினாலும் மலையூர்களில் இரவு குளிரும், நெடுந்தூரப் பேருந்துகளின் குளிர்சாதனமோ அதைவிடக் கடுமையானது. ஆகவே ஒரு கம்பளிச் சட்டை அவசியம்.

சிறிய கடற்கரை ஊர்களில் ஏடிஎம் குறைவு. இருப்பதும் வார இறுதியில் காலியாகிவிடுவதுண்டு. வஹாக்கா நகரிலோ கடற்கரை நகரான புவெர்த்தோ எஸ்கோந்தீதோவிலோ வங்கிக் கிளையை ஒட்டிய ஏடிஎம்மில் வேண்டிய பேசோவை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பணம் எடுக்கும்போது, உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடவா என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

மூன்றாம் படி: மலையைக் கடத்தல்

மெக்சிகோ நகரின் தாப்போ பேருந்து நிலையத்திலிருந்து வஹாக்காவுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். வஹாக்கா நகரம் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சப்போதெக் மக்கள் மலையுச்சியைச் சமப்படுத்தி எழுப்பிய மொந்தே அல்பான் நகரின் இடிபாடுகளைக் காண ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அங்கே நிழல் மிகக் குறைவு என்பதால் வாசல் திறக்கும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது.

நகருக்கும் கடலுக்கும் இடையே தென் சியர்ரா மாத்ரே மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறக்கப்படும் வரை, புவெர்த்தோ எஸ்கோந்தீதோவுக்குச் செல்லும் வேன் பயணம் வளைவுகளிலேயே ஆறேழு மணி நேரத்தைத் தின்றுவிடும்; இப்போது மூன்று மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேரலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் பழைய 175ஆம் எண் சாலையைத்தான் சொல்வேன். அது பைன் மரக் காடுகளுக்கு நடுவே, மேகம் வாசலுக்கே வந்து நிற்கும் சான் ஹொசே தெல் பசிபிகோ என்னும் மலையூரைத் தொட்டுக்கொண்டு போச்சுத்லாவில் இறங்குகிறது. அந்த மலையூரில் ஓரிரவு தங்கினால் பயணம் இரண்டாகப் பிரிந்து உடம்பும் தாங்கும். வளைவுச் சாலையில் குமட்டல் வரக்கூடியவர்கள் வேனின் முன்வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு மாத்திரையால் பயனில்லை.

நான்காம் படி: எந்த ஊரில் தங்குவது

புவெர்த்தோ எஸ்கோந்தீதோ (இனி சுருக்கமாகப் புவெர்த்தோ) இப்போது சிற்றூர் அல்ல. விமான நிலையம், மருந்துக் கடைகள், வரிசையாக ஹாஸ்டல்கள் என எல்லாம் அங்கே உண்டு. அலைச்சறுக்கு கற்க வந்தவர்களுக்கு அதுவே சரியான இடம். அமைதியை நாடுவோர் கிழக்கே மசுன்தே, சான் அகுஸ்தினீயோ, சிபொலீத்தே ஆகிய அடுத்தடுத்த மூன்று ஊர்களுக்குப் போகலாம். சிபொலீத்தே ஆடையின்றிக் குளிப்பதற்குப் பெயர்பெற்ற கடற்கரை என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், குடும்பத்தோடு போய்ச் சங்கடப்பட வேண்டியிராது.

புவெர்த்தோவிலிருந்து போச்சுத்லா செல்லும் பேருந்தில் ஏறி, சான் அந்தோனியோ சாலைச் சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து மசுன்தேவுக்குக் கமியோனேத்தா கிடைக்கும். இது பின்புறம் இருபக்கமும் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிய சிறிய டிரக். காய்கறி மூட்டை, எரிவாயு உருளை, பள்ளிப் பிள்ளைகள் என யாரும் எதுவும் அதில் ஏறலாம். இடம் இல்லையென்றால் பின்படியில் நின்று இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இறங்கும் இடம் வந்ததும் தட்டி நிறுத்தி, ஓட்டுநரின் சன்னலுக்குச் சென்று சில்லறையாகப் பணம் கொடுங்கள். 500 பேசோ நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

மசுன்தே ஒரு காலத்தில் ஆமை வேட்டையால் வாழ்ந்த ஊர். 1990இல் மெக்சிகோ அரசு கடலாமை வேட்டையைத் தடை செய்த பின் அந்தப் பிழைப்பு நின்றுபோனது. இன்று அங்கே அரசின் ஆமை மையம் இருக்கிறது. அருகிலுள்ள எஸ்கொபீயா கடற்கரையில் ஆண்டின் பிற்பாதியில் கூட்டங்கூட்டமாக முட்டையிட வருபவை சென்னைக் கடற்கரைக்கு வரும் அதே பங்குனி ஆமை இனம்தான். மாலையில் புந்தா கொமேத்தா முனைக்கு நடந்துபோனால் சூரியன் கடலில் இறங்குவதைக் காணலாம். திரும்பும் பாதை இருட்டிவிடும் என்பதால் டார்ச் விளக்கைக் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: கடலில் இறங்குவதற்கு முன்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இக்கரை திறந்த பசிபிக்கைப் பார்த்தபடி இருக்கிறது. புவெர்த்தோவின் சிகதேலா கடற்கரை உலகின் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் இடம். அங்கே பேரலைகள் கரைக்கு மிக அருகிலேயே உடைவதால், நீச்சல் தெரிந்தவர்கள்கூடக் குளிக்க இறங்கக் கூடாது. சிபொலீத்தேவின் இழுப்பு நீரோட்டமும் உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. குளிப்பதற்குப் புவெர்த்தோவில் நீண்ட படிக்கட்டில் இறங்கிச் சேரும் கரிசலீயோ என்னும் சிறிய வளைகுடா ஏற்றது. அலைச்சறுக்குப் பயிற்சியை அங்கோ, லா புந்தாவிலோ தொடங்கலாம்.

எந்தக் கடற்கரையானாலும் கொடியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு பறந்தால் இறங்காதீர்கள். கொடி இல்லாத இடத்தில், பக்கத்திலுள்ள உணவுக் கடைக்காரரிடம் கேளுங்கள். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே மட்டும் நீர் அமைதியாகத் தெரிந்தால் அது பாதுகாப்பான இடம் என்று மயங்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அங்கேதான் நீர் வெளியே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சக்தியை இழக்காமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்; முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்தை விட்டு விலகிய பின் கரைக்குத் திரும்புங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

வஹாக்காவின் தனி உணவு த்லயூதா. தட்டைவிடப் பெரிய, மொறுமொறுப்பான சோள ரொட்டியில் அரைத்த பீன்ஸைத் தடவி, நூல்நூலாகப் பிரியும் கெசீயோ பாலாடைக்கட்டியைப் பரப்பி, இரண்டாக மடித்துக் கரி அடுப்பின் மேல் வைப்பார்கள். ஓரம் கருகி, பாலாடைக்கட்டி உருகிக் கசியும்போது எடுத்தால்தான் ருசி. சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ரொட்டியின் மேல் முதலில் பூசும் அசியெந்தோ: அது பன்றிக்கொழுப்பு. ஆகவே இறைச்சி வேண்டாம் என்பதற்கு "சின் கார்னே" என்று சொன்னால் மட்டும் போதாது. "சின் அசியெந்தோ" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோலே குழம்பிலும் பெரும்பாலும் கோழிச்சாறு சேரும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஹாஸ்டல்களில் இருக்கும் பெரிய கேனிலிருந்து உங்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: அடுத்து எங்கே

கடற்கரையிலிருந்து ஊர் திரும்ப, புவெர்த்தோவிலும் வதுல்கோவிலும் விமான நிலையங்கள் உண்டு. மேற்கே குரேரோ மாநிலத்தின் பாதுகாப்பு நிலை மோசம் என்பதால், புதியவர்கள் தரைவழியாக அகாபுல்கோ பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. கூடுதல் நாட்கள் இருந்தால் போச்சுத்லாவில் இரவுப் பேருந்து ஏறி, சியாப்பாஸின் மலைநகரான சான் கிறிஸ்தோபாலுக்குப் போகலாம். அங்கிருந்து மாயர்களின் பலெங்கே இடிபாடுகளுக்குச் செல்லும் நேர்வழி மலைச்சாலையில் சாலைமறியலும் வழிப்பறியும் நடந்திருப்பதால், பேருந்து சுற்றுவழியில் போனாலும் அதிலேயே செல்லுங்கள். வேனில்தான் போயாக வேண்டும் என்றால் முந்தின நாள் விடுதியில் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, பகலில் மட்டும் புறப்படுங்கள்.