புல்லை விட்டுவிட்டு அடித்தளத்தைப் பாருங்கள்: டர்பன் கடலோர வீடுகளில் செயற்கைப் புல் ஆடுகளம்

செயற்கைப் புல் விற்பவர் ஒரு சாண் மாதிரித் துண்டோடு வீட்டுக்கு வருகிறார். வாங்குபவர் அதைத் தடவிப் பார்க்கிறார், நிறத்தைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார், முன்பணம் கொடுத்துவிடுகிறார். அடியில் என்ன போடப்போகிறார்கள் என்ற பேச்சே எழுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன், அம்ஷ்லாங்கா, டொங்காட் போன்ற கடலோர ஊர்களில் வீட்டு ஆடுகளங்கள் கெடுவது பெரும்பாலும் அடியிலும் ஓரத்திலும்தான். புல்லின் முறை கடைசியில்தான் வரும்.

டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை, இடியோடு கொட்டும் மழை. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. இப்படிப்பட்ட ஊரில் இருக்கிற புல்தரையைச் செதுக்கிவிட்டு, இரண்டு அங்குல மணல் பரப்பி, அதன்மேல் விரிப்பை ஒட்டிவிட்டுப் போகும் வேலை ஒரு கோடைமழைக்கே தாங்காது. டர்பனின் பெரியா (Berea) மேட்டுப் பகுதியின் செம்மணல் காய்ந்திருக்கும்போது கல்போல நிற்கும்; தண்ணீர் உள்ளே ஓடினால் கரைந்து குழி விழும். சாட்ஸ்வர்த் போன்ற மேட்டுப் பகுதிகளில் சிக்கல் வேறு. சரிவின் ஒரு பாதியை வெட்டி மறுபாதியில் கொட்டித்தான் சமதளம் கிடைக்கிறது. வெட்டிய பக்கம் அசையாது, கொட்டிய பக்கம் மெல்ல அமுங்கும். களத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரிந்தால் காரணம் இதுதான்.

குறைந்தது 15 முதல் 20 செ.மீ. ஆழம் தோண்டி, மண் மேலேறாதபடி வடிதுணி விரித்து, உடைகல்லை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே ஒருமுறை உருளை ஓட்டுவது கண்துடைப்பு. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சாய்வும் வேண்டும். 10 மீட்டர் அகலமுள்ள பேடல் (டென்னிஸ் போன்ற, சுவர் சூழ்ந்த களத்தில் ஆடும் மட்டைப் பந்தாட்டம்) களத்துக்கு ஒரு பக்கம் 10 செ.மீ. தாழ்வு. ஆடும்போது அது தெரியாது. விரிப்பு வருவதற்கு முன்பு தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று நீங்களே பாருங்கள்.

வடிந்த நீர் எங்கே போகும்? சாக்கடைக் குழாயில் மழைநீரை விடுவது நகராட்சி விதிப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விடுவது பகை. இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு: தாங்குசுவரில் நீர் வடிவதற்காக விட்ட துளைகளை, புல்லின் ஓரம் அழகாக இருக்கட்டும் என்று மண்ணாலோ காரையாலோ மூடிவிடுவது. பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தில் சுவரே சாய்ந்துவிடும்.

அடுத்தது புல்லிழைகளுக்கு நடுவே நிரப்பும் மணல். கடல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது மணலுக்குக் காசா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் கடற்கரை மணலை அள்ளுவது சட்டவிரோதம் என்பதை ஒருபுறம் வையுங்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிப்பித் துகள்கள் மிதிபட்டுத் தூளாகி வடிகாலை அடைக்கும். கட்டட மணலின் கூரிய முனைகளோ புல்லிழையை அறுக்கும். கழுவி உலர்த்திய, உருண்டை மணிகளுடைய சிலிக்கா மணல்தான் வேண்டும். அதையும் காய்ந்த நாளில், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் தூரிகையால் உள்ளே இறக்க வேண்டும்.

இங்கேதான் நாள் பார்ப்பது உதவும். விரிப்புத் துண்டுகளை இணைக்கும் பாலியூரித்தேன் பசை ஈரத்தில் நுரைத்துவிடும்; பனி படிந்த காலையில் ஒட்டிய இணைப்பு சில மாதங்களில் வாய் பிளக்கும். டர்பனில் காய்ந்த பருவம் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆடியில் புது வேலை தொடங்கக்கூடாது என்று பாட்டி மறித்தால், ஆனியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்று தின்பது இரும்பை. களத்தைச் சுற்றிய வேலிக்குத் துத்தநாகம் பூசிய குழாய்களை வாங்கி வந்து, வீட்டில் வைத்து வெல்டிங் செய்தால், சூட்டில் பூச்சு எரிந்துபோன இடத்திலிருந்தே துரு கிளம்பும். சட்டகத்தை முழுதும் செய்து முடித்த பிறகு துத்தநாகக் குளியலில் முக்கி, அதன்மேல் வண்ணப்பூச்சு அடிப்பதே சரி. போல்ட்டும் ஆணியும் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். 304 தரம் கடலோரத்தில் பழுப்புக் கறை படியும். கூரைக்கு அடியில் இருக்கும் கம்பி பத்திரம் என்று நினைப்பதும் தவறு. மழை கழுவாத இடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

புல் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. தோட்ட அலங்காரத்துக்கான 35 மி.மீ. உயரப் புல்லில் டென்னிஸ் பந்து எழும்பாது. டென்னிஸுக்கும் பேடலுக்கும் 10 முதல் 15 மி.மீ. போதும். புல்லிழைகளுக்கு நடுவே நிரப்பும் கறுப்பு ரப்பர் துகளைத் தவிர்ப்பது நல்லது. வெயிலில் அது களத்தைக் கொதிக்க வைக்கும், மழையில் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அதன் விற்பனையைத் தடை செய்து, எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல்கள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள்: சிலவகை இரட்டைக் கண்ணாடிகள் வெயிலைக் குவித்துத் திருப்பியடித்துப் புல்லை உருக்கிவிடும்.

இந்தியக் காணொளிகளைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. வீட்டின் தெற்குப் பக்கம்தான் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும். களத்தின் நீளம் வடக்கு தெற்காக இருந்தால் காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காது.

பராமரிப்பே தேவையில்லை என்று விற்பவர் சொல்வதை நம்பவேண்டாம். வாரம் ஒருமுறை பெருக்கவேண்டும், மாவிலை மக்குவதற்கு முன்பே அள்ளவேண்டும். ஆனால் அழுத்த நீர் பீய்ச்சும் கருவியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மணலும் போகும், இணைப்பும் போகும். நம் வீடுகளில் பெரிய எதிரி விசேஷம். கல்யாணப் பந்தலுக்கு முளை அடித்தால் வடிதுணி கிழியும். இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் ஒரு தணல், தீபாவளி மத்தாப்பின் ஒரு பொறி, இரண்டுமே போதும் ஓட்டை விழ.

ஒப்பந்தத்தில் புல்லின் நிறத்துக்கு மட்டும் உத்தரவாதம் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அடித்தளம், இணைப்பு, இரும்பு மூன்றுக்கும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். குளிர்காலத்தில் முடிகிற வேலை என்றால், கடைசித் தவணையை நவம்பர் மழை ஒன்று பெய்து வடிந்த பிறகே கொடுப்பதாகவும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.