டர்பனில் அளந்த எண் ஜோகன்னஸ்பர்க்குக்குப் பொருந்தாது: டர்போ ஹாட் ஹேட்சை மதிப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார் பற்றிய பேச்சு தலைமுறைகளாகத் தொடர்ந்து வருகிறது. முதல் தலைமுறைக் கோல்ஃபின் உடலையே 1984 முதல் 2009 வரை சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் இங்கேயே, அன்று யூட்டன்ஹேக் என்றும் இன்று காரியெகா என்றும் அழைக்கப்படும் ஊரின் ஆலையில், தயாரித்துக் கொண்டிருந்தார்கள். நம்மவர்களில் பலர் ஓட்டக் கற்றது அந்தக் காரில்தான். இன்று அதே ஆலையிலிருந்து போலோ ஜிடிஐ உலகச் சந்தைக்குச் செல்கிறது. ஆகவே சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் உள்ள இளைஞர்கள் கையில் ஒரு கேமராவும் ஜிபிஎஸ் அளவியும் வைத்துக்கொண்டு ஹாட் ஹேட்ச் எனப்படும், வேகத்துக்காக மெருகேற்றிய சிறிய கார்களை மதிப்பிடத் தொடங்கியிருப்பது இயல்பானது, வரவேற்கத்தக்கது. அவர்களில் சிலர் வெளியிடுவதற்கு முன் தங்கள் மதிப்புரைகளை எனக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கள் தலைமுறை செய்த பிழைகளே அவற்றில் வரிக்கு வரி திரும்பி வருவதைப் பார்த்த பிறகு இதை எழுத வேண்டியதாயிற்று.

கிலோவாட்டையும் குதிரைத்திறனையும் குழப்புவது, விலையைத் தவறாகச் சொல்வது போன்றவற்றை யாரும் ஒரே நாளில் திருத்திக்கொள்ளலாம். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த உயரத்தில் அளந்தோம் என்று சொல்லாமல் விடுவது

இந்த நாட்டில் கார்களை மதிப்பிடுவோர் செய்யும் தவறுகளில் மிகுந்த பொருட்சேதத்தை உண்டாக்குவது இதுதான். டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 101.3 கிலோபாஸ்கல், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் அது 82 அல்லது 83 கிலோபாஸ்கல்தான். அதாவது எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு அங்கே இல்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய அதே விகிதத்தில் திறனை இழந்துவிடும். டர்போ உள்ள எஞ்சின் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும். எல்லாருக்கும் தெரிந்த இந்தப் பாதி உண்மையிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. டர்போ கார் எந்த ஊரிலும் ஒரேபோல் ஓடும் என்று முடிவுகட்டி, அளந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஈடுகட்டுதல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த முடிவின் பிழை தெரியும். எஞ்சின் கணினி எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் முழு அழுத்தத்தைக் குறியாகக் கொள்கிறது. அந்தக் குறி 2.2 பார் என்று வைத்துக்கொள்வோம். டர்பனில் டர்போவின் கம்ப்ரசர் வெளிக்காற்றை ஏறத்தாழ 2.2 மடங்கு அழுத்தினால் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் அதே குறியை அடைய ஏறத்தாழ 2.7 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அழுத்தப்படும் காற்று இன்னும் சூடாகும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் வெளியேற்ற வேண்டும், அதன் மீது வீசும் காற்றும் மெலிந்ததாகவே இருக்கும். சில கார்களின் டர்போவில் இதற்கான இருப்பு உண்டு. சிலவற்றில் இல்லை, அவற்றின் கணினி டர்போவைக் காப்பாற்றுவதற்காகக் குறியையே தாழ்த்திவிடும். மேலும், டர்போ முழுவேகம் எடுக்கும் வரை எந்த டர்போ எஞ்சினும் டர்போ இல்லாத சிறிய எஞ்சினைப் போலத்தான் நடந்துகொள்கிறது. ஆகவே ரோபோட் (நம் ஊரில் போக்குவரத்து விளக்கின் பெயர்) பச்சையானதும் புறப்படும் முதல் விநாடியின் தயக்கம் மேட்டுநிலத்தில் நீள்கிறது. வேகம் கூடிய பிறகு மெல்லிய காற்று காரைத் தடுப்பதும் குறைவதால் இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. ஆக, ஒரே கார் இரண்டு ஊர்களில் இரண்டு வகையாக நடந்துகொள்கிறது. வேறுபாட்டின் அளவும் காருக்குக் கார் மாறுகிறது.

சக்கரங்களை உருளை மேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோ கருவியில் காரை ஏற்றும்போது இந்தத் தவறு இரட்டிப்பாகிறது. டைனோ மென்பொருள்களில் வானிலைத் திருத்தம் என்று ஒரு பெருக்கெண் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் உயரத்தில் இழந்த திறனைக் கணக்கில் திருப்பிச் சேர்த்து, கடல்மட்ட எண்ணாக மாற்றுவதற்காக அது இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் அந்தப் பெருக்கெண் ஏறத்தாழ 1.2 வரும். டர்போ எஞ்சின் தன் இழப்பில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிட்ட பிறகு அதே பெருக்கெண்ணால் பெருக்கினால், இல்லாத திறன் காகிதத்தில் பிறந்துவிடுகிறது. சக்கரத்தில் 140 கிலோவாட் காட்டிய கார் அச்சிட்ட தாளில் 168 கிலோவாட் ஆகிவிடும். பிறகு "நிறுவனம் சொல்வதைவிட இந்தக் காரில் திறன் அதிகம்" என்று ஒரு தலைப்பு வரும்.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படிப்பட்ட ஒரு மதிப்புரையை நம்பித்தான் பழைய ஹாட் ஹேட்ச் ஒன்றை வாங்கினார். அந்த மதிப்புரையில் முடுக்க நேரம் கடலோரத்தில், குளிர்ந்த காலையில் அளக்கப்பட்டிருந்தது. டைனோ எண்ணோ மேட்டுநிலத்தில் எடுக்கப்பட்டு, திருத்தப் பெருக்கெண்ணால் பெருக்கப்பட்டிருந்தது. இரண்டில் எதையும் மதிப்புரையாளர் சொல்லவில்லை. இளைஞர் தம் காரை வீட்டருகே அளந்தார். நேரம் கூடுதலாக வந்தது. வேறொரு டைனோவில் திருத்தம் இல்லாமல் ஏற்றினார். திறன் மிகக் குறைவாகத் தெரிந்தது. "அங்கிள், என் வண்டியில் ஏதோ பெரிய கோளாறு" என்று தொலைபேசியில் சொன்னவரிடம், கார் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த மதிப்புரைதான் பழுது என்று நான் சொன்னேன். அதற்குள் அவர் ஒரு பட்டறையில் பணம் கொடுத்து, டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தை உயர்த்தும் மென்பொருளை ஏற்றியிருந்தார்.

பெட்ரோலும் இதில் சேர்ந்துகொண்டது. மேட்டுநிலத்தில் 93, 95 ஆக்டேன் (முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தன்மையின் அளவு) பெட்ரோல் இரண்டும் கிடைக்கும். உயரத்தில் 93 போதும் என்பது அங்கே பழைய வழக்கு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது பெரும்பாலும் சரி, ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் இயல்பாகவே குறைந்திருக்கும். டர்போ அந்த அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதால் அந்தச் சலுகை அதற்கு இல்லை. இளைஞர் தம் தந்தை போட்ட 93-ஐயே போட்டுக்கொண்டிருந்தார். உயர்த்தப்பட்ட பூஸ்ட், சூடான காற்று, குறைந்த ஆக்டேன் மூன்றும் கூடினால் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். ஒரு பிஸ்டன் வளையத்தருகே உடைந்தது. மென்பொருள் மாற்றப்பட்டிருந்ததால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பீடு இத்தகைய பழுதை ஏற்பதில்லை. எஞ்சினைத் திரும்பக் கட்டிய செலவை அவர் குடும்பம்தான் சுமந்தது. அந்த மதிப்புரை இன்றும் ஒரு சொல் திருத்தம் இல்லாமல் அப்படியே இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அளந்த ஊர், உயரம், காற்றின் வெப்பநிலை, ஊற்றிய பெட்ரோலின் ஆக்டேன், டைனோ எண் திருத்தப்பட்டதா இல்லையா என்ற ஐந்தையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடலோரம் என்றால் எல்லாம் நன்மை என்றும் எண்ண வேண்டாம். டர்பனில் பிப்ரவரி மதியப் புழுக்கத்தில் அடுத்தடுத்து ஓடவிட்டால், சூடேறிய இன்டர்கூலரால் மூன்றாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட மந்தமாகவே வரும். அந்த மந்தமும் வாசகர் அறிய வேண்டிய செய்திதான்.

ஒரே திசையில் ஓடி முடிப்பது

கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் சாலையிலும் ஒரு விழுக்காட்டுச் சரிவு இருக்கலாம். 6.4 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காருக்கு, அந்தச் சரிவில் இறங்கி ஓடுவதற்கும் ஏறி ஓடுவதற்கும் இடையே ஏறத்தாழ 0.3 விநாடி வேறுபாடு வரும். சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு கார்களை "வேகமானது", "மெதுவானது" என்று பிரிப்பது பல நேரங்களில் அதே 0.3 விநாடிதான். இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுங்கள். முதல் 30 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் விடும் அமெரிக்க இழுவைப் பந்தய வழக்கம் உங்கள் அளவியில் இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

0 முதல் 100 வரை மட்டும் அளப்பது

80 முதல் 120 கிலோமீட்டர் வேகம் வரையும் அளந்து பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது உயிரைக் காப்பது அந்த எண்.

டயரைச் சொல்லாமல் கையாளுதலைச் சொல்வது

"வளைவில் ஒட்டிக்கொண்டு போகிறது" என்று எழுதுகிறார்கள். ஒட்டியது டயர். எந்தத் தயாரிப்பு, எந்த அளவு, எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லாத மதிப்புரையில் கையாளுதல் பற்றிய பகுதிக்கு மதிப்பில்லை. அழுத்தத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. டயர் அழுத்த மானி வெளிக்காற்றுக்கும் டயருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். டர்பனில் 2.3 பார் என்று நிரப்பிய டயர், அதே வெப்பநிலையில் ஜோகன்னஸ்பர்க்கில் ஏறத்தாழ 2.5 பார் காட்டும். டர்பனிலிருந்து மலையேறி வந்து, சூடான டயரோடு அப்படியே கயலாமிப் பந்தயத் தடத்தில் இறங்கி, முன்பக்கம் பிடிப்பில்லாமல் வழுக்குகிறது என்று காரைக் குறை சொன்னவர்கள் உண்டு. டயர் குளிர்ந்த பிறகு, சோதிக்கும் ஊரிலேயே அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள்.

முன்சக்கர இயக்கமுள்ள டர்போ காரில் 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்து சேரும்போது, அது சாலையில் எப்படி இறங்குகிறது என்பதே கையாளுதலின் மையக் கேள்வி. போலோ ஜிடிஐ வளைவின் உட்பக்கச் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்துச் சமாளிக்கிறது. எட்டாம் தலைமுறைக் கோல்ஃப் ஜிடிஐயில் ஒரு சக்கரம் வீணாகச் சுழலாமல் விசையை மற்றதற்கு மாற்றும், மின்னணுவால் இயங்கும் வரம்புச்சறுக்கு டிஃபெரன்ஷியல் இருக்கிறது. ஹோண்டா சிவிக் டைப் ஆரில் அந்த வேலையை இயந்திர வகை டிஃபெரன்ஷியல் செய்கிறது. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்கிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது எவ்வளவு சீக்கிரம் ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம், மிதித்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கிறதா என்பதை இவற்றோடு இணைத்து எழுதுங்கள். "உற்சாகமாக இருக்கிறது" என்ற சொற்றொடர் வாசகருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

பெரிய சக்கரங்களைப் புகழ்வதற்கு முன் நம் சாலைக் குழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 225/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 101 மில்லிமீட்டர். 235/35 ஆர்19 டயருக்கு அது 82 மில்லிமீட்டர்தான். மழைக்காலத்துக்குப் பிறகு இங்கே எந்த டயர் கடையில் கேட்டாலும் அந்த இடைவெளியின் விலையைச் சொல்வார்கள். பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, ஒட்டும் பசைப் புட்டிதான் இருக்கிறதா என்று ஒரு வரி சேருங்கள்.

பிரேக்கை ஒருமுறை மட்டும் சோதிப்பது

முதல் நிறுத்தத்தில் எல்லாக் கார்களும் நிற்கும். அடுத்தடுத்துப் பிடித்துப் பிரேக் சூடான பிறகு வரும் பத்தாவது நிறுத்தத்தை எழுதுங்கள்.

பொதுச் சாலையைச் சோதனைக் களமாக்குவது

பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் பிரேக்கின் தாங்குதிறனைச் சோதித்ததாக ஒருவர் எனக்கு எழுதினார். அந்தச் சரிவின் அடியில் 2013 செப்டம்பரில் நிற்க முடியாமல் வந்த லாரி சந்திப்பில் பாய்ந்து 24 பேர் இறந்தார்கள். அங்கே எந்தச் சோதனையும் வேண்டாம். நம் நெடுஞ்சாலையின் உச்சவரம்பு 120. அதற்கு மேல் எதை அறிய விரும்பினாலும் கயலாமி, பிரிட்டோரியாவின் ஸ்வார்ட்கொப்ஸ், கேப்டவுனின் கில்லார்னி போன்ற தடங்களின் பொது ஓட்ட நாள்களுக்குப் பதிவுசெய்யுங்கள்.

நட்சத்திரங்களை ஆண்டில்லாமல் எழுதுவது

பாதுகாப்புப் பகுதியில், மோதல் சோதனையில் கார் பெற்ற மதிப்பை "ஐந்து நட்சத்திரம்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எந்த அமைப்பு, எந்த ஆண்டு, எந்த வடிவம் என்ற மூன்றும் இல்லாமல் அந்த நட்சத்திரங்களை ஒப்பிட முடியாது. ஃபியட் புன்டோ 2005-இல் ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெரிய மாற்றமின்றி விற்கப்பட்ட அதே கார் 2017-இல் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இடையில் சோதனையின் கடுமை உயர்ந்திருந்தது. தென்னாப்பிரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் துணையோடு குளோபல் என்கேப் 2017-இல் ஆப்பிரிக்கக் கார்களுக்கென்று தொடங்கிய சோதனையில் போலோ விவோ மூன்று நட்சத்திரம் பெற்றது. அது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்புற மோதலை மட்டும் பார்த்த சோதனை. ஐரோப்பிய நட்சத்திரத்தின் பக்கத்தில் அதை வைத்து எண்ணக்கூடாது. ஐரோப்பாவில் சோதிக்கப்பட்ட காரில் இருந்த தானியங்கிப் பிரேக்கிங் போன்ற உதவிகள் இங்கே விற்கும் வடிவத்தில் கூடுதல் விலைப் பட்டியலுக்குப் போயிருக்கலாம். விற்பனையாளரின் தகவல் தாளை வாங்கி, வரி வரியாகச் சரிபார்த்த பிறகு எழுதுங்கள்.

ஒலியைப் புகழ்வது

பல ஹாட் ஹேட்ச் கார்களில் உள்ளே கேட்கும் உறுமலில் ஒரு பகுதி செயற்கையாகச் சேர்க்கப்படுவது. சன்னலைத் திறந்து, வெளியே நின்று கேட்ட பிறகு எழுதுங்கள்.