டார்ட்டில்லா கிண்ணம்: ஓரம் கருகும், அடி சவசவக்கும்

டார்ட்டில்லா என்பது சப்பாத்தி மாதிரி மெல்லிய மெக்சிகோ ரொட்டி. அதைக் கிண்ண வடிவில் மொறுமொறுவென்று சுட்டு, உள்ளே சுண்டல் மாதிரி எதையாவது போட்டுக் கொடுப்பதுதான் டார்ட்டில்லா கிண்ணம். எண்ணெய் தடவுங்கள், ஓவனை முன்கூட்டியே சூடாக்குங்கள் என்பதெல்லாம் டார்ட்டில்லா பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. புதிதாக ஓடிஜி (வீட்டுக்கான சிறிய மின் ஓவன்) வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

கிண்ணத்துக்குள் அமுக்கிச் சுடுவது

எவர்சில்வர் கிண்ணத்துக்குள் டார்ட்டில்லாவை அமுக்கி வைத்து அப்படியே ஓவனில் தள்ளுகிறார்கள். ஓரம் வெளியே நிற்பதால் அதில் சூடு நேராகப் படும். அடியோ உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும். அந்தப் பக்கம் ஆவி வெளியேற வழியில்லை. பத்து நிமிடத்தில் ஓரம் சிவந்திருக்கும், அடி வெள்ளையாகத் தோல் மாதிரி கிடக்கும். "ஓரம் செவந்துட்டுல்லா, எடுத்துருவோம்" என்று அடுக்களையில் ஒருவர் சொன்னால் போதும், தட்டு வெளியே வந்துவிடும். சுண்டலைப் போட்டு விருந்தாளி கையில் கொடுத்த ஐந்தாவது நிமிடம் அடி பிய்ந்து மடியில் விழும்.

இதைச் சரிசெய்ய 220 டிகிரிக்கு ஏற்றுவது அதைவிட எரிச்சல். ஓரம் கருகிக் கசக்கும், அடி அப்படியேதான் இருக்கும். வேண்டியது கூடுதல் சூடு இல்லை, ஈரம் வெளியேற வழியும் நேரமும்.

கிண்ணத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். 20 செ.மீ. டார்ட்டில்லாவுக்கு 10 செ.மீ. அகல எவர்சில்வர் கிண்ணம் சரி. பிளாஸ்டிக் பிடி இருக்கக் கூடாது. டார்ட்டில்லாவைத் தோசைக்கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி வாட்டி, இருபுறமும் சேர்த்து அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவி, கவிழ்த்த கிண்ணத்தின் மேலே போர்த்தி, பக்கவாட்டில் நான்கு இடத்தில் மடிப்பு விழ அமுக்குங்கள். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய, நடுத்தட்டில், 180 டிகிரியில் 10 நிமிடம். பிறகு உள்ளிருக்கும் கிண்ணத்தை இடுக்கியால் உருவிவிட்டு, டார்ட்டில்லாவை மட்டும் நிமிர்த்தி 160 டிகிரியில் இன்னும் 5 நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடியை நகத்தால் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும். அமுங்கினால் இன்னும் இரண்டு நிமிடம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் கடிகாரத்தை நம்பாமல் நகத்தையே நம்புங்கள்.

ஆறவைப்பது கம்பி வலையில். தட்டில் வைத்தால் அடியில் வேர்த்துக்கொள்ளும்.

மடித்துத் தேய்த்த சப்பாத்தி

டார்ட்டில்லாவுக்குப் பதில் இதைப் போட்டால் அடுக்கு பிரிந்து உப்பும், கிண்ணமாக நிற்காது. டார்ட்டில்லாவை வீட்டிலேயே செய்வதானால் மைதா 250 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் 130 மி.லி. வெந்நீர். அரை மணி நேரம் மூடி வைத்து, எட்டு உருண்டையாக்கி, மடிக்காமல் மெல்லிசாகத் தேய்த்து, கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் மட்டும் போட்டெடுங்கள். முழுக்கக் கோதுமை மாவென்றால் மடிப்பில் விரிசல் விடும். பாதிக்குப் பாதி கலந்தால் பரவாயில்லை.

காய்ந்துபோன டார்ட்டில்லா

இட்லிச் சட்டியில் அரை நிமிடம் ஆவி காட்டிவிட்டுப் போர்த்துங்கள்.

உள்ளே சொதி

வேண்டவே வேண்டாம். தயிர், சட்னி கூட ஒரு முட்டைக்கோஸ் இலையை அடியில் விரித்த பிறகுதான், அதுவும் சாப்பிட உட்காரும்போது.

சூட்டோடு டப்பாவில் அடைப்பது

நமத்துவிடும். முழுக்க ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று வீசும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் வெளியே திறந்து வைக்கவே வேண்டாம். நமத்தது தெரிந்தால் 150 டிகிரியில் 4 நிமிடம் வைத்தெடுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும், உள்ளே எதுவும் போடாதவரை.