ரெண்டாவது சீசன் டிஃபென்டர் பையனைப் பாத்து நாம பண்ற தப்புகள்

எங்க தெருப் பையன் ஒருத்தன் ஃபுட்பால்ல ப்ரோ ஆயிட்டான். சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்குற டிஃபென்டர். காரைக்குடியில பழைய ஆளுக இன்னும் ஸ்டாப்பர்னுதான் சொல்லுவாக. பேரும் கிளப்பும் எழுதாதீங்க மாமான்னு கேட்டுக்கிட்டான், அதனால விட்டுர்றேன். முதல் சீசன் நல்லாவே போச்சு, பாதிக்கு மேல மேட்ச் ஆடினான், லீவுக்கு ஊருக்கு வந்தப்ப கொப்புடையம்மன் கோயில் வாசல்ல இருந்து பெரியார் சிலை வரைக்கும் நடக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அத்தனை பேரு நிறுத்தி நிறுத்தி கேக்குறாக. "இந்த வருஷம் எத்தனை கோல் தம்பி?" "இந்தியா டீம் எப்ப?" "பெரிய கிளப்புக்கு எப்ப மாறப் போற?" எல்லாம் பாசத்துலதான் கேக்குறது, ஆனா மூணு கேள்வியுமே தப்பு. அன்னிக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து அவன் பேசுனதைக் கேட்டப்பதான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. நானும் ஒரு காலத்துல காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக் ஆடுனவன், பெருசா ஒண்ணும் கிழிக்கல, ஆனா பந்து நம்ம முதுகுக்குப் பின்னாடி போறப்ப வயித்துல என்ன பண்ணும்னு தெரியும்.

முதல்ல, ரெண்டாவது வருஷம்னா முதல் வருஷத்தை விட நல்லா இருக்கணும்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோம் பாருங்க, அங்கதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்குது. ஃபார்வர்டுக்கே அது சரியா வராது, டிஃபென்டருக்கு சுத்தமா வராது. முதல் சீசன்ல அவனை யாருக்கும் தெரியாது. ரெண்டாவது சீசன் வர்றதுக்குள்ள ஒவ்வொரு டீம்லயும் வீடியோ பாக்குறதுக்குன்னே இருக்குற ஆளு இவன் ஆடுன எல்லா மேட்சையும் நிறுத்தி நிறுத்திப் பாத்துருப்பாரு. எந்தக் கால் நொண்டி (அதாவது பழக்கம் கம்மி), தலைக்கு மேல வர்ற லாங் பால்ல எந்தப் பக்கம் தடுமாறுவான், எத்தனாவது நிமிஷத்துக்கு மேல மூச்சு வாங்குது, எல்லாம் நோட்ல இருக்கும். சிராவயல் மஞ்சுவிரட்டுல முதல் தடவை பொட்டல்ல இறங்குற மாட்டை யாருக்கும் கணிக்கத் தெரியாது, அடுத்த வருஷம் அதே மாடு வந்தா எந்தப் பக்கம் திரும்பும்னு பொட்டல்ல நிக்கிற பயக அத்தனை பேருக்கும் அத்துப்படி. இவனும் அந்த மாடுதான் இப்ப. அதனால போன வருஷம் ஆடுன அளவுக்கு இந்த வருஷமும் ஆடுனாலே அவன் முன்னேறிட்டான்னுதான் அர்த்தம், நமக்குத்தான் அது அங்கயே நிக்கிற மாதிரி தெரியும்.

ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் கதை தெரியும்ல? 2014-ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசன், அவரு ஆடுன கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபைனல் வரைக்கும் போச்சு, அந்த வருஷத்தோட எமர்ஜிங் பிளேயர் விருது அவருக்குத்தான். 2015-ல என்ன ஆச்சு? பிளாஸ்டர்ஸ் டேபிள்ல கடைசி இடம். 2016-ல மறுபடி ஃபைனல். அதே கிளப், அதே ஆளு. டீம் கவுந்தா டிஃபென்டர் எவ்வளவு நல்லா ஆடுனாலும் கூடச் சேர்ந்து கவுந்த மாதிரிதான் வெளிய தெரியும். ரெண்டாவது வருஷத்தை மட்டும் பாத்துட்டு பையன் அவ்வளவுதான்னு சொல்லியிருந்தா பின்னாடி இந்தியாவுக்கு கேப்டனா நின்ன ஆளை நாம 2015-லயே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்போம்.

இன்னொரு பக்கம் ஜெர்ரி லால்ரின்சுவாலா. நம்ம சென்னையின் எஃப்சி கிளப்போட லெஃப்ட் பேக் (இடது பக்க டிஃபென்டர்), 2016-ல எமர்ஜிங் பிளேயர், அடுத்த சீசன்லயே, 2017-18, சென்னையின் கப்பு அடிச்சுச்சு. அதாவது நல்லாவும் போகும். போகாதுன்னு நான் சொல்லல. போயே ஆகணும்னு உக்காந்துக்கிட்டு இருக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அந்த ஃபைனல்னு சொன்னதும் ஞாபகம் வருது, 2018 மார்ச்ல பெங்களூரு கூட நடந்த ஃபைனல்ல மெய்ல்சன் ஆல்வ்ஸ்னு சென்டர் பேக் ரெண்டு ஹெட்டர் போட்டாரு, 3-2 ஜெயிச்சோம். அதுல இருந்து நம்மாளுகளுக்கு ஸ்டாப்பர்னா கார்னர்ல போய் கோல் போடணும்னு ஒரு நெனப்பு. போட்டா சந்தோஷம். ஆனா கார்னர்ல கோல் விழறது நல்ல கார்னர் அடிக்கிற ஆளு டீம்ல இருக்கானாங்குறதைப் பொறுத்தது, இவன் கையில இருக்குறது குதிக்கிறது மட்டும்தான். அதே மாதிரி ரேட்டிங் ஆப்பைத் தொறந்து வச்சுக்கிட்டு டேக்கிள் (பந்தைப் பறிச்சது) எத்தனை, கிளியரன்ஸ் (பந்தைத் தூர அடிச்சு விட்டது) எத்தனைன்னு எண்ணுறது. எங்க மச்சினன் ஒருத்தன் மேட்சே பாக்க மாட்டான், மறுநாள் நம்பரை மட்டும் பாத்துட்டு "என்னண்ணே பையன் 1 டேக்கிள்தான்" அப்டிங்கிறான். ஏண்டா, சரியான இடத்துல நின்னா பந்தே அந்தப் பக்கம் வராது, பந்து வரலைன்னா என்னத்தை டேக்கிள் பண்றது? விழுந்து உருண்டு டேக்கிள் போடுறவன்ல பாதிப்பேரு ரெண்டு செகண்ட் முன்னாடி தப்பான இடத்துல நின்னவன். கிளீன் ஷீட்டையும், அதாவது கோலே வாங்காத மேட்சையும், தனியா இவன் கணக்குல எழுத முடியாது, அதுல கீப்பருக்கும் நடுவுல ஆடுறவனுக்கும் பங்கு இருக்கு. அப்ப எதைத்தான் பாக்குறதுன்னு கேட்டா, பந்து எதிர்ப்பக்க விங்ல இருக்கும்போது இவன் எங்க நிக்கிறான், உடம்பை எந்தப் பக்கம் திருப்பி வச்சுருக்கான், பக்கத்துல இருக்குறவன்கிட்ட வாயைத் தொறந்து பேசுறானா, இதைப் பாருங்க. டிவியில பாதி நேரம் இது தெரியாது, கிரவுண்டுக்குப் போனாத்தான் தெரியும், அதுக்கு என்ன பண்றது.

ஃபைவ் ஹண்ட்ரட் மினிட்ஸ், தவுசண்ட் மினிட்ஸ்னு ஆடுன நேரத்தை எண்ணி "போன வருஷத்தை விடக் கம்மியாயிருச்சே"ன்னு அழுகுற கூட்டமும் இருக்கு. ஐஎஸ்எல்ல களத்துல இறங்குற வெளிநாட்டு ஆளுகளை 2021-22 சீசன்ல 4-ஆ குறைச்சாக. அந்த நாலுல ஒருத்தரை ஸ்டாப்பரா போடுறது பல கோச்சுகளுக்கு வழக்கம், அவரு பக்கத்துலதான் நம்ம பையன் நிப்பான். இப்ப கிளப்பு ரெண்டு வெளிநாட்டு ஸ்டாப்பரை எடுத்துட்டா? பையன் எவ்வளவு உழைச்சாலும் பெஞ்சுதான். போன வருஷப் பார்ட்னர் கிளப்பு மாறிட்டாரு, கோச்சு மாறிட்டாரு, போன கோச்சு பின்னாடி இறங்கி நிக்கச் சொன்னாரு, புதுசா வந்தவரு டிஃபென்டர்க நிக்கிற லைனை நடு மைதானம் வரைக்கும் ஏத்தச் சொல்றாருன்னா அது வேற வேலை, கிட்டத்தட்ட வேற உத்தியோகம். முதுகுக்குப் பின்னாடி 40 மீட்டர் காலி இடத்தை வச்சுக்கிட்டு நிக்கிறது சின்ன விஷயம் இல்ல. போதாக்குறைக்கு சீசனே எப்ப தொடங்கும்னு தெரியாத கதை வேற, 2025-ல ஐஎஸ்எல் வழக்கமான நேரத்துக்கு ஆரம்பிக்கவே இல்லையே, பயக ப்ரீ-சீசனும் இல்லாம மேட்சும் இல்லாம வீட்ல உக்காந்துருந்தாக.

இந்த இடத்துல எங்க பாட்டையா காலத்துக் கதை ஒண்ணு. செட்டியார் கடைகள் பர்மா, மலேயான்னு இருந்த காலத்துல முதல்ல போற பொடியன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை, பாத்துப் பாத்துக் கத்துக்கிறது, தப்பு பண்ணாலும் சின்னப் பயன்னு விட்டுருவாக. அதுக்கு மேல அடுத்தாள். அடுத்தாள் ஆனவனுக்குத்தான் கஷ்டம், கணக்குல ஒரு பைசா இடிச்சாலும் அவனைத்தான் கேப்பாக, ஆனா முடிவு எடுக்குற அதிகாரம் மேலாள்கிட்ட. ரெண்டாவது சீசன் டிஃபென்டர் அப்படியே அடுத்தாள்தான். பொடியனுக்குக் கிடைச்ச மன்னிப்பும் போச்சு, பெரியவுகளுக்குக் கிடைக்கிற மரியாதையும் இன்னும் வரல. ஊரு என்ன பண்ணுதுன்னா அவனை நேரா மேலாள் நாற்காலியில உக்கார வச்சுப் பேசுது.

சரி, பையன் பக்கத்துத் தப்புக்கு வர்றேன். அதுல பெருசு, தன்னைக் காட்டணும்னு நினைக்கிறது. முதல் வருஷம் சிம்பிளா ஆடுனவன் ரெண்டாவது வருஷம் 50 மீட்டர் பாஸ் போட்டுக் காட்டுவான், ஆளைத் தாண்டி பந்தை எடுத்துட்டுப் போவான், மாட்டுக்குக் கொம்புக்கு நேரா போய் நிக்கிறவன் மாதிரி ஃபார்வர்டு முன்னாடி நேராப் பாய்வான். பக்கவாட்டுல நின்னு, அவனை வெளிப்பக்கமா ஒதுக்கிக்கிட்டே போய், திமில் கைக்கு எட்டுற நேரத்துக்குத்தான் கையை நீட்டணும். பாய்ஞ்சு தோத்தா அடுத்து என்ன நடக்கும்? சட்டையைப் பிடிச்சு இழுப்பான். அதுதான் ஆபத்து. 2016-ல சட்டத்தை மாத்தினாங்க, பெனால்டி பாக்ஸுக்குள்ள கோல் வாய்ப்பைத் தடுத்தாலும் பந்துக்காக நிஜமா முயற்சி பண்ணிருந்தா பெனால்டியோட மஞ்சக் கார்டு மட்டும்தான், ஆனா இழுத்தது பிடிச்சது தள்ளுனதுன்னா இப்பவும் செவப்புதான். கால்ல தோத்துட்டா கையைப் பின்னாடி கட்டிக்கோன்னு இவனுக்கு நான் எத்தனை தடவை சொல்லிருப்பேன்.

நொண்டிக் காலைச் சரி பண்ணாம விடுறது அடுத்தது. 2019 வரைக்கும் கோல் கிக் அடிச்சா பந்து பாக்ஸை விட்டு வெளிய வந்தாத்தான் நம்மாளு தொட முடியும். அந்த வருஷம் அதை எடுத்துட்டாங்க, இப்ப ஸ்டாப்பர் பாக்ஸுக்குள்ளயே வாங்கி ஆட்டத்தை ஆரம்பிக்கலாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா எதிராளி இவனோட இடது காலுக்குன்னே ஓடி வந்து ப்ரெஸ் பண்ணுவான், சொந்த கோலுக்கு 8 மீட்டர் தள்ளி நின்னு தெரியாத காலால பாஸ் போடணும். லீவுல தினம் அரை மணி நேரம் செவுத்துல இடது காலால அடிச்சுப் பழகுறது போரடிக்கும், அதைப் போட்டோ எடுத்துப் போட்டா லைக்கும் வராது. ஜிம்ல நிக்கிற போட்டோவுக்குத்தான் வருது.

லீவுன்னதும் இன்னொண்ணு, ஊர்த் திருவிழா செவன்ஸ், டீமுக்கு ஏழு பேரு ஆடுற ஆட்டம். "நம்ம ஊரு டீமுக்கு ஒரே ஒரு மேட்ச்டா"ன்னு கூப்பிடுவாக, மறுத்தா தலைக்கனம்னு பேச்சு வரும். தயவு செஞ்சு கூப்பிடாதீங்க. காண்ட்ராக்ட்ல இருக்குற பிளேயர் கிளப்பைக் கேக்காம வெளிய ஆடக் கூடாது, அது ஒரு பக்கம். நம்ம செம்மண் பொட்டல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், வருஷம் பூரா புல்லுல ஆடுன முட்டியைக் கொண்டுவந்து அதுல திருப்புனா முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல்ங்குற நார் கிழிஞ்சுரும், கிழிஞ்சா ஆறு மாசத்துக்கு மேல ஆகும், ரெண்டாவது சீசன் அங்கயே முடிஞ்சுரும். ரிப்பன் வெட்ட, கப்பு குடுக்கக் கூப்பிடுங்க, வருவான். சாப்பாட்டைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, வீட்டுக்கு வீடு விருந்து வச்சு கோலா உருண்டையை அள்ளி அள்ளி வைக்காதீங்க, அவ்வளவுதான்.

வீட்ல இருக்குறவுகளுக்கு ஒரு விஷயம். முதல் வருஷம் நல்லா போனதும் யாராவது ஒருத்தர் போன் பண்ணி டபுள் சம்பளம் வாங்கித் தர்றேம்பாரு. ஃபிஃபா விதிப்படி காண்ட்ராக்ட் அதிகபட்சம் 5 வருஷம், 18 வயசு ஆகாதவனுக்கு 3 வருஷம். கடைசி ஆறு மாசத்துல வேற கிளப்புகூடப் பேசலாம். ரெண்டு வருஷ காண்ட்ராக்ட் போட்டவனுக்கு ரெண்டாவது சீசன் பாதியிலயே இந்தப் பேச்சு வந்துரும், அந்த நேரத்துல மனசு பந்துல இருக்காது. அதனால பேச வேண்டியதை அப்பாவோ மாமாவோ ஒருத்தர் மட்டும் பேசுங்க, மேட்ச் இருக்குற வாரம் அவன் காதுக்கே கொண்டு போகாதீங்க. வர்ற சம்பளத்தை நம்பி இப்பவே கார் லோன் போட்டுறாதீங்க, அவன் சம்பளம் பெரிசு, ஆனா கேரியர் நம்ம வாத்தியார் உத்தியோகம் மாதிரி 60 வயசு வரைக்கும் இல்ல.

கிளப்பு லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு வேற கிளப்புல ஆட, அனுப்புனா அவமானம்னு நினைக்கிறதும் தப்பு. பிரான்ஸ் ஸ்டாப்பர் வில்லியம் சலிபாவை இங்கிலாந்து கிளப் ஆர்சனல் 2019-ல வாங்குனாங்க, செயின்ட் எத்தியென், நீஸ், மார்செய்னு மூணு இடம் சுத்திட்டு 2022 ஆகஸ்ட்லதான் ஆர்சனலுக்கு முதல் லீக் மேட்சே ஆடுனாரு. ஸ்பெயின் ஸ்டாப்பர் பீக்கே 20 வயசுல மான்செஸ்டர் யுனைடெட்ல இருந்தப்ப, 2007 நவம்பர், போல்டன் கூட மேட்ச்ல பந்தைத் தப்பாக் கணிச்சாரு, அனெல்கா கோல் போட்டாரு, 1-0 தோல்வி. அடுத்த கோடையில பார்சிலோனாவுக்குப் போனாரு, முதல் சீசன்லயே மூணு கப்பு, 2010-ல உலகக் கோப்பை. போல்டன்ல நடந்ததை மட்டும் வச்சு யாராச்சும் தீர்ப்பு எழுதியிருந்தா, அவ்வளவுதான். நாம வாட்ஸ்அப் குரூப்புல வாராவாரம் எழுதுறோமே.

தப்பு பண்ண மறுநாள் போன் பண்ணி "அந்த இடத்துல நீ"ன்னு ஆரம்பிக்காதீங்க. அவன் அந்தக் கோலை ஏற்கெனவே கோச்சோட உக்காந்து பத்துத் தடவை பாத்துருப்பான். நானே பண்ணிருக்கேன் இதை, அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சரி மாமா"ன்னு வச்சுட்டான். அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

இப்ப ஒரு ஏற்பாடு. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவனே கேட்டான், "மாமா, ஒரே ஒரு விஷயம் பாத்துச் சொல்லுங்க, பந்து அந்தப் பக்க விங்ல இருக்குறப்ப என் பக்கம் வர்ற ஆளுக்கு முதுகைக் காட்டி நிக்கிறனான்னு." அதுக்குன்னு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வச்சுருக்கேன். முதல் மேட்ச்ல 4 தடவை. அடுத்ததுல 2. நான் சந்தோஷமா இருந்தேன். போன வாரம் 5. போன்ல சொன்னேன், சிரிக்கிறான், "மாமா, அந்த விங்கரை நீங்க நேர்ல பாக்கணும்"ங்கிறான். ஆறாவது ஒண்ணு சந்தேகமா இருந்துச்சு, எழுதாம விட்டுட்டேன்.