கயாக்கில் உயிர் இரைத் தொட்டி: 20 லிட்டர் டிரம்மில் செய்யும் முறை

கழிமுகத்தில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுபவர்கள் உயிருள்ள இறாலையும் சிறு மடவை மீனையும் நம்பும் அளவுக்கு வேறு எந்த இரையையும் நம்புவதில்லை. ஆனால் வெயிலேறிய வாளியில் மடவை சற்று நேரத்திலேயே மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைகிறது, மீன் வெளியேற்றும் அம்மோனியாவும் அதே நீரில் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே காற்றுக்குமிழி விடும் கருவியைவிட, கயாக் எனும் சிறு துடுப்புப் படகு மிதக்கும் நீரையே இடைவிடாமல் உள்ளே விட்டு வெளியேற்றும் தொட்டியே மேல் என்பேன்.

திருகு மூடியுள்ள 20 லிட்டர் வட்ட டிரம் போதும். சதுரப் பெட்டியின் மூலைகளில் மீன்கள் முட்டி மூக்கைச் சிதைத்துக்கொள்ளும். பெயின்டோ பூச்சிமருந்தோ இருந்த டிரம், எத்தனை முறை கழுவினாலும், வேண்டாம்.

டிரம்மின் பக்கவாட்டில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சுவரைத் துளைத்துக் குழாயை இணைக்கும் முக்கால் அங்குல டேங்க் நிப்பிள் ஒன்றைப் பொருத்தி, உள்பக்கம் எல்போ எனும் வளைவுத் துண்டை வைத்து நீரைச் சுவரையொட்டிப் பாயச் செய்ய வேண்டும். நீர் மெல்லச் சுழல, மீன்கள் அதை எதிர்த்து ஒரே திசையில் நீந்தும். வெளியேறும் வழியை விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஒன்றரை அங்குலத்தில் அமைப்பது கட்டாயம், ஏனெனில் உள்ளே வரும் நீரைப் பம்ப் தள்ளுகிறது, வெளியே போகும் நீரோ தன் எடையால் மட்டுமே வடிகிறது. முதல் தொட்டியில் நான் அந்த வாயில் தட்டையான வலை ஒட்டியிருந்தேன். செத்த இறால் ஒன்று அதில் அப்பிக்கொள்ள, நீர் மூடியைத் தாண்டி என் முதுகை நனைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இப்போது ஒரு சாண் பிவிசி குழாயின் முனையை அடைத்து, சுற்றிலும் சிறு துளைகள் போட்டு உள்ளே நீட்டி வைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் ஒரு ஹோஸ் நீரைப் படகுக்கு வெளியே விடும். அடியில் வடிகால் வால்வும் வேண்டும்.

மணிக்கு 1,300 லிட்டர் இறைக்கும் 12 வோல்ட் பம்ப்பை, படகின் பின்முனையில் தூக்கி இறக்கக்கூடிய குழாயில் கட்டி, நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் நிறுத்த வேண்டும். இந்தப் பம்ப் தானாகக் காற்றை வெளியேற்றி நீரை உறிஞ்சாது. வறண்டு ஓடினால் கெட்டுவிடும். முழு வேகம் மீனைக் களைப்படையச் செய்யுமாதலால், பம்ப்பிலிருந்து டேங்க் நிப்பிளுக்கு வரும் ஹோஸின் இடையில், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பால் வால்வு (ball valve) வைத்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவுக்குக் குறைத்தால், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டி நீர் மாறும். இரண்டு ஆம்பியர் இழுக்கும் பம்ப்புக்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். நேர்மின் கம்பியில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போட மறக்கக் கூடாது.

நிரம்பிய தொட்டி கிட்டத்தட்ட இருபது கிலோ கனக்கும். அதை இருக்கைக்குப் பின்னால், நடுக்கோட்டில், பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். பாதி நிரம்பிய நீர் பக்கவாட்டில் அலைந்து படகைக் கவிழ்க்கப் பார்க்குமாதலால், ஒன்று வெளிவாய் மட்டம் வரை நிரம்பியிருக்க வேண்டும், இல்லையேல் காலியாக இருக்க வேண்டும். கடலில் இறங்குபவர்கள் கரையலையைத் தாண்டும்வரை இறாலை ஈரச் சாக்கிலும் மடவையைச் சிறு வாளி நீரிலும் வைத்திருந்து, அதன் பின்னரே தொட்டியை நிரப்ப வேண்டும். திரும்பும்போதும் அலைக்கு முன்பே வடித்துவிட வேண்டும். அங்கேயே பிடித்த மடவையை அங்கேயே விடலாம். விலைக்கு வாங்கிய வளர்ப்பு இறாலை நீரில் விட வேண்டாம், அதனுடன் நோயும் பரவக்கூடும்.