அக்ரிலிக் விளையாட்டுக் காயில் உள்ள குறி எப்படிப் போடப்பட்டது? பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால், பித்தளைத் தாயக்கட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் காய்கள் கிடக்கும். எண் போட்டது, எழுத்து போட்டது, புள்ளி வைத்தது என்று எல்லாம் கலந்திருக்கும். எங்கள் ஆயா (பாட்டி) வீட்டிலும் அப்படி ஒரு அக்ரிலிக் செட் உண்டு. அதில் சிவப்பு 6 ஒன்று தொலைந்துபோனது. புதிதாக ஒன்று செய்து வாங்கலாம் என்று போனால், கடையில் முதலில் கேட்ட கேள்வி: "இது லேசரா, கட்டரா, பிரிண்டா?" எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், மெல்லிய தாள், பென்சில். லென்ஸ் இல்லையென்றால் போன் கேமராவில் மேக்ரோ இருந்தாலும் போதும்.

படி 1: கழுவுங்கள், ஆனால் தண்ணீரில் மட்டும்

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய பருத்தித் துணி. அவ்வளவுதான். ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர் எதுவும் கிட்டவே வரக்கூடாது. நான் ஒரு காயை ஸ்பிரிட்டில் துடைத்தேன். எண் பாதி துணியோடு வந்துவிட்டது. அதைவிட மோசம், ஓரங்களில் தலைமுடி போல விரிசல்கள் ஓடிவிட்டன. வெட்டும்போது ஏற்பட்ட இறுக்கம் அக்ரிலிக்குக்குள் தங்கியிருக்கும், ஸ்பிரிட் பட்டதும் அந்த இடம் விட்டுக்கொடுத்துவிடும். லேசரில் வெட்டிய ஓரத்துக்கு இந்த ஆபத்து கூடுதல்.

படி 2: நகத்தால் கேளுங்கள்

குறியின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பேரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நகம் உள்ளே இறங்கினால் செதுக்கியது அல்லது அச்சில் வார்த்தது. மேலே ஏறினால் மை மேலே உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஸ்டிக்கர். ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் பெரும்பாலும் மெல்லிய பிரிண்ட்.

நகம் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, கண்ணாடி போன்ற காய்களில் குறியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருப்பார்கள்; இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். இன்னொன்று, குழியை நிரப்பிச் சமமாகத் தேய்த்தது. காசினோ பகடைகள் இப்படித்தான். அவை அக்ரிலிக் அல்ல, செல்லுலோஸ் அசிடேட். புள்ளிகளைத் துளைத்து, வெட்டியெடுத்ததற்குச் சமமான எடையுள்ள பொருளால் நிரப்பிவிடுவார்கள், பகடை ஒரு பக்கமாகச் சாயக்கூடாது என்பதற்காக. நகத்துக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் காயைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே பார்த்தால் நிறம் ஆழமாக இறங்கியிருப்பது தெரியும்.

படி 3: வெளிச்சத்தைச் சாய்த்து விடுங்கள்

வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) உச்சி வெயிலில் வைத்துப் பார்க்காதீர்கள். மேலிருந்து கொட்டும் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரியும். இருட்டான அறைக்குள் போய், டார்ச்சைக் காய்க்குப் பக்கத்தில் படுக்கவைத்து அடியுங்கள். குழியின் ஒரு கரை நிழலாகவும் மறு கரை பளபளப்பாகவும் தெரியும். மை மேடும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: லென்ஸில் குழியின் தரையைப் பாருங்கள்

இதில் அவசரப்படவேண்டாம். விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

குழியின் மூலைகளை முதலில் பாருங்கள். 4 என்ற எண்ணில் கோடுகள் முடிகின்றனவே, அந்த முனைகள். கட்டர் என்பது சுழன்று வெட்டும் முனை. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூலையில் தன் வளைவை விட்டுவிட்டுத்தான் வரும். தரையில் வில் வில்லாகக் கீறல்கள் தெரியும். கூர்முனைக் கட்டர் என்றால் தரையே இருக்காது, வாய்க்கால் போல இரண்டு சரிவு மட்டும்.

லேசர் என்றால் மூலை கூர்மையாக இருக்கும். தரை பனி படிந்ததுபோல வெளுத்து, நெருக்கமான இணைகோடுகள் தறியில் ஓடிய இழை மாதிரி ஒரே திசையில் போகும். விளிம்பில் உருகி உறைந்த மெல்லிய வரம்பு தெரியலாம். ஒரு கூடுதல் தகவல்: இந்த வெள்ளைப் பனி காஸ்ட் அக்ரிலிக்கில்தான் (அச்சில் ஊற்றி உறையவைத்த தகடு) நன்றாக வரும். எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக்கில் (உருக்கிப் பிதுக்கித் தள்ளிய தகடு) அதே லேசர் மங்கலாக, ஏறக்குறைய நிறமில்லாமல் விழும்.

அச்சில் வார்த்த காயில் குழியின் தரை வழவழவென்று மின்னும். காயைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடும், பிளாஸ்டிக் உள்ளே போன இடத்தில் ஒரு தழும்பும் இருக்கும்.

மை வகையில், ஓரம் ரம்பம் போலச் சின்னச் சின்னதாக உடைந்து, நிறம் தடிப்பாக இருந்தால் ஸ்க்ரீன் பிரிண்டிங். அது வலைத் துணியின் தடம். மெல்லிய மை, வளைந்த பரப்பிலும் சுத்தமாக ஒட்டியிருக்கிறது என்றால் பேட் பிரிண்டிங். சிலிகான் பஞ்சு மாதிரியான ஒன்று மையை எடுத்து ஒற்றுகிறது. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தூவியதுபோல, அடியில் வெள்ளை மையோடு இருந்தால் யூவி பிரிண்ட், அதாவது புற ஊதா வெளிச்சத்தில் மையை உறையவைப்பது. ஜிகினா மாதிரி தங்கம் மின்னி, லேசாக அமுங்கியிருந்தால் சூட்டில் அழுத்திய ஃபாயில்.

படி 5: ஒரே எண்ணில் இரண்டு காய்

மெல்லிய தாளை மேலே வைத்து, சின்ன வயதில் நாணயத்துக்குத் தேய்த்தோமே, அப்படிப் பென்சிலால் தேய்த்து இரண்டு பிரதி எடுத்து ஒப்பிடுங்கள். சின்னக் குறை கூட இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் வார்ப்பு என்று நினைக்கலாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு என்றால் கையால் வெட்டியது.

சரி, ஆயாவின் செட்டுக்கு வருவோம். செட்டில் மீதியிருந்த 4-ஐ லென்ஸில் பார்த்தேன். கோடுகளின் முனைகள் உருண்டிருந்தன, தரையில் வில் கீறல்கள். சிவப்புச் சாயம் அங்கங்கே சுருங்கிக் கரையை விட்டு விலகியிருந்தது. ஆகவே கட்டரில் வெட்டிச் சாயம் நிரப்பியது. கடையில் லேசர் போடத் தயாராக இருந்தார்கள்; வேண்டாம், சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும்) கட்டரில் வெட்டிக் கொடுங்கள் என்று சொல்லி 6-ஐ வாங்கி வந்தேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டைப் பல்குச்சியால் குழியில் நிரப்பி, லேசாக இறுகியதும், பழைய விசிட்டிங் கார்டில் ஈரத்துணி சுற்றி மேற்பரப்பை மட்டும் வழித்தெடுத்தேன். துணி குழிக்குள் இறங்கினால் சாயமும் கூடவே வந்துவிடும், அதனால்தான் கார்டு. முதல் தடவை சாயம் காய்ந்து கொஞ்சம் அமுங்கியது. மறுநாள் இன்னொரு பூச்சு கொடுத்ததும் பழைய காய்களின் மட்டத்துக்கு வந்துவிட்டது.