கடைச் சாவி இடுப்பில், மற்ற சாவிகள் யார் கையில்?

தக்கலையில் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் போட்டு விற்கிறேன். நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையை ஒட்டிய சின்னக் கடை. ஒரு அடுப்பு, ஒரு உருளி, சீவவும் வறுக்கவும் இரண்டு ஆள். கல்லாவில் நான் அல்லது என் மனைவி. ஷட்டர் சாவியை இதுவரை வெளியாள் யாரிடமும் கொடுத்ததில்லை. காய்ச்சலில் படுத்த அன்றுகூட அது என் தலையணைக்கு அடியில்தான் கிடந்தது. இவ்வளவு கெட்டிக்காரனான நான், கடையின் வெப்சைட், போன் நம்பர், மேப்பில் இருக்கும் பெயர் எல்லாவற்றின் சாவியையும் கேட்டவர்களுக்குக் கேட்டபடி தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்காக இழந்த காசில் நாலு நல்ல உருளி வாங்கியிருக்கலாம். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு உதவுமே என்று என் தவறுகளை எழுதி வைக்கிறேன்.

முதல் தவறு வெப்சைட். தெரிந்த தம்பி ஒருவர் மொத்தமாக ஒரு தொகை பேசி அழகாகச் செய்து கொடுத்தார். முகவரியை, அதாவது டொமைனை, அவருடைய மெயிலில் அவருடைய பெயரிலேயே வாங்கினார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டொமைன் என்பது குத்தகை மாதிரி. வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். நினைவூட்டும் கடிதமெல்லாம் அவர் மெயிலுக்குப் போனது. அவரோ வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார், அந்த மெயிலைத் திறப்பதே இல்லையாம். அவகாசமும் முடிந்து வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இப்போது அந்த முகவரியைத் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. என் சிப்ஸ் கவரைப் பார்த்துத் தட்டிய ஒரு டீச்சர், "இது என்னண்ணே?" என்று கடைக்கே வந்து கேட்டார். தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்தவர் பெயரில் பத்திரம் எழுதிவிட்டு வீடு என்னுடையது என்று நினைத்தது நான்தானே. உங்கள் மெயில், உங்கள் நம்பர், உங்கள் கார்டு, இந்த மூன்றையும் வைத்து நீங்களே டொமைனை வாங்குங்கள். செய்து தருகிறவருக்கு உள்ளே போய் வேலை பார்க்க அனுமதி கொடுத்தால் போதும்.

அடுத்தது போன் நம்பர். கடைக்கென்று தனி சிம் வாங்கி, கவரிலும் ஃப்ளெக்ஸிலும் அதையே அச்சடித்தேன். ஆர்டரெல்லாம் என் சொந்த நம்பருக்கு வர ஆரம்பித்ததும் கடை சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துபோனது. ஒரு சிம் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் அதை நிறுத்திவிட நிறுவனங்களுக்கு விதியில் இடம் உண்டு. நிறுத்திய நம்பரை இன்னொரு 90 நாள் ஆறப்போட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். என் நம்பரும் அப்படித்தான் கைமாறியது. அந்த நேரத்தில் அதே நம்பர் அச்சடித்த ஐயாயிரம் கவர் என் பரணில் இருந்தது.

கவர் என்றதும் இன்னொன்று. உணவுப் பொருள் கவரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண், எடை, பேக் செய்த தேதி, அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். விலையையும் தேதியையும் அச்சில் போட்டுவிடாதீர்கள். இடம் மட்டும் விட்டுவிட்டு பேக் செய்யும்போது முத்திரை குத்திக்கொள்ளலாம். முதல் தடவை ஆயிரம் கவருக்கு மேல் அடிக்கவும் வேண்டாம். "ஐயாயிரம் அடிச்சா ஒண்ணுக்கு இவ்வளவு குறையும்" என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான், குறையும். பரணில் கிடந்து வீணாவதைக் கணக்கில் சேர்த்தால் குறையாது.

கூகுள் மேப் எனக்குச் செய்த நன்மை அதிகம். அதில் நான் செய்த தவறும் அதிகம். கடை சாலையோரத்தில் இருக்க, அதைக் காட்டும் புள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி பத்மநாபபுரம் அரண்மனைப் பக்கம் போய் விழுந்திருந்தது. எட்டு மாதம் எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்த வேன் டிரைவர் ஒருவர்தான், "அண்ணே, மேப்பை நம்பி அரண்மனை மதிலைச் சுத்தி ரெண்டு ரவுண்டு வந்துட்டேன்" என்றார். கடையைச் சேர்த்த அன்றே வேறொருவர் போனில் மேப்பைத் திறந்து, ஊர் எல்லையிலிருந்து வண்டி ஓட்டி வந்து பாருங்கள். நம் போனிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பெயர் விஷயமும் அங்கேதான் புரிந்தது. எங்கள் ஊரில் ஏத்தங்காய் என்றால் குழந்தைக்கும் தெரியும். மதுரையிலிருந்து வருகிறவர் நேந்திரம் சிப்ஸ் என்றுதான் தேடுவார். நான் விவரத்தில் ஏத்தங்காய் என்று மட்டும் எழுதியிருந்தேன். நேந்திரத்தையும் சேர்த்த பிறகு வெளியூர்க்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். விற்கிறவன் சொல்லும் பெயரும் வாங்குகிறவன் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது.

மேப்பில் கடை திறக்கும் நேரத்தையும் பார்த்துப் போடுங்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை. உள்ளூர் விடுமுறை விட்டுவிடுவார்கள். மேப்புக்கு தீபாவளி தெரியும், மண்டைக்காட்டுக் கொடை தெரியாது. நாம்தான் கையால் போட வேண்டும். கடை திறந்திருப்பதாகக் காட்டி, வந்து பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தால் அந்தக் குடும்பம் மறுபடி வராது. அப்புறம், "உங்க கடையை மேப்பில் முதலில் கொண்டுவருகிறோம், பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். மேப்பில் கடையைப் பதிவு செய்யவும் உரிமையாளர் என்று நிரூபிக்கவும் கூகுள் காசு வாங்குவதில்லை. முதலிடம் விற்பனைக்கும் இல்லை.

இனி விளம்பரம். திங்கட்கிழமை கடை காற்று வாங்கும். அந்த நாளில் கூட்டம் வரட்டும் என்று திங்களாகப் பார்த்து ஃபேஸ்புக்கில் பணம் கட்டினேன். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், அரண்மனை இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறை கையில்தான் இருக்கிறது. திங்கள் பூட்டு அவர்கள் போடுவது. திங்கள் என் கடை காலியாக இருப்பதே அதனால்தான். விதைக்கக் கூடாத நாளாகப் பார்த்து விதைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய கூத்து, விளம்பரத்துக்கு வட்டம் போட்டது. கடையை நடுவில் வைத்து 40 கிலோமீட்டர் என்று கொடுத்தேன். மற்ற ஊரில் அது நல்ல கணக்கு. இங்கே தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கடல் வந்துவிடும், வடகிழக்கே மலையும் காடும், வடமேற்கே கேரளம். கடலுக்குக் காசு போகாது, மீன் விளம்பரம் பார்க்காது. காசு போனது நெய்யாற்றின்கரைப் பக்கம். அங்கே முக்குக்கு முக்கு உப்பேரிக் கடை, அதாவது சிப்ஸ் கடை. கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். சரி, தமிழர்களுக்கு மட்டும் போகட்டும் என்று மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் அடி. ஃபேஸ்புக்கையே தமிழில் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகுமாம். என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் தமிழ் பேசுவார்கள், ஃபேஸ்புக் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இப்போது வட்டம் போடுவதில்லை. கன்னியாகுமரி, நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று ஊர் ஊராகக் குறித்து, வெள்ளி சனி ஞாயிறு மட்டும் ஓட விடுகிறேன். மொழிப் பெட்டியைத் தொடுவதே இல்லை.

வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். நான் நாலு பட்டியல் வைத்து தினமும் காலை வணக்கத்தோடு சிப்ஸ் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பது தெரிய ஒரு வருடம் ஆனது. முக்கால்வாசிப் பேருக்குப் போகவே இல்லை. போன கால்வாசிப் பேருக்குத் தொந்தரவு. இப்போது பில் கொடுக்கும்போதே, "நம்பரைப் பதிஞ்சு வச்சுக்குங்க, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் மெசேஜ் வரும்" என்று சொல்லிவிடுகிறேன். சொன்னபடியே நடந்துகொள்கிறேன்.

விலையைப் படத்தில் எழுதி அனுப்புவது இன்னொரு வினை. 2025-ல் தேங்காயெண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. அதற்கு முந்தின வருடம் நான் அனுப்பிய படம் ஒரு வளைகுடா குரூப்பில் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய விலைக்கு ஏழு கிலோ கேட்டு ஒருவர் வந்து நின்றார், போனைக் காட்டினார், படத்தில் என் கடைப் பெயர். பாதி விட்டுக்கொடுத்து அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் போட்ட படத்துக்குச் சாவே கிடையாது. விலை எழுதினால் பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். ஓணத்துக்கு முன்னால் கேரள வியாபாரிகள் வந்து ஏத்தன் குலையை அள்ளுவார்கள், காய் விலை வாராவாரம் மாறும். அந்தச் சமயத்தில் விலையைப் போனில் சொல்வதுதான் நல்லது. சிலர் விலையைத் தொடாமல் கால் கிலோ பாக்கெட்டை 200 கிராம் ஆக்கிவிடுகிறார்கள். எடையைக் கவரில் சரியாகப் போட்டால் சட்டத்தில் குற்றமில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏஐ-யிடம் ஒருமுறை விளம்பரம் எழுதச் சொன்னேன். "மொறுமொறுப்பான சுவையின் உலகிற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று தந்தது. படித்துவிட்டு என் மனைவி, "எந்த உலகம்?" என்றாள். படம் கேட்டேன், உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பக்கத்தில் பழுத்த மஞ்சள் வாழைப்பழம் வைத்து வரைந்தது. அதையும் போட்டுத் தொலைத்தேன். "பழ சிப்ஸா, காய் சிப்ஸா?" என்று நாலு பேர் கேட்டார்கள். கணக்குப் பார்க்க, ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்குப் பதில் எழுத, அதை இன்றும் பயன்படுத்துகிறேன். கடையைப் பற்றிப் பேச வேண்டியது நான்தான்.

பணம் வாங்குவதில் ஒரே ஒரு விஷயத்தைக் கிட்ட நின்று பார்க்கச் சொல்வேன். வறுபடும் சிப்ஸில் உப்புத் தண்ணீர் தெளிப்போம். தெளித்ததும் எண்ணெய் படபடவென்று பொரிந்து இரைச்சல் போடும், பக்கத்தில் பேசுவதே கேட்காது. அந்த அரை நிமிடத்துக்குள் ஒருவர் போனை நீட்டி, பச்சை டிக்கைக் காட்டி, மூன்று கிலோ பொட்டலத்தோடு போய்விட்டார். பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பேசியதா என்றே தெரியாது. இரவு பார்த்தால் பணம் வரவில்லை. அதே பச்சை டிக்கைக் காட்டும் போலிச் செயலி இருக்கிறதாம். அதிலிருந்து ஸ்பீக்கரை அடுப்பை விட்டுத் தள்ளி, கல்லாவில் காதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பெரிய தொகை என்றால் என் போனில் வரவு தெரிந்த பிறகுதான் பொட்டலம் கைமாறும். பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. யாராவது போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், நேரம் கடந்தால் மீட்பது கஷ்டம். காலையில் கடை திறந்ததும் க்யூஆர் அட்டையை ஒருமுறை தடவிப் பாருங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம்.

ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்களுக்கு ராத்திரியில் பதில் எழுதாதீர்கள். எழுதியிருக்கிறேன், அழித்திருக்கிறேன்.

என் பழைய நம்பர் இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு விவசாயியிடம் இருக்கிறது. முதலில் எரிந்து விழுந்தார். "நான் சிப்ஸ் விக்கலைங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ. ஒருநாள் நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, இரண்டு கிலோ பார்சல் அனுப்பினேன். இப்போது அழைக்கிறவர்களுக்கு என் புது நம்பரை அவரே சொல்லி அனுப்புகிறார். போன வாரம்கூட, "அண்ணே, சென்னையில ஒரு அம்மா, அஞ்சு கிலோ, உப்பு கம்மியா" என்றார். பரணில் இன்னும் முந்நூறு கவர் இருக்கிறது. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் பழைய நம்பர்மேல் புது நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.